கழித்தல் குறி

வசந்தகுமாரியின் இடது கையில் டயாலிசிஸ் ஊசிகள் இரண்டும் ஏறி, குழாயில் ரத்தம் ஓடத் தொடங்கும்வரை அன்பழகன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பான். ஹார்பரில் கப்பலைக் கரையோடு கட்டும் கயிறு இழுக்கிற வேலை அவனுக்கு. தொடை கனத்தில் இருக்கும் நனைந்த கயிற்றைத் தோளில் போட்டு இழுக்கிறவன், அக்காவின் கையில் ஊசி போவதை மட்டும் பார்க்க மாட்டான்.

“குத்தியாச்சு. திரும்பு,” என்றாள் அவள்.

திரும்பினான். பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து அவள் மடியில் வைத்தான். முகத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“என்னாடா, பிரமோசனா?”

“நம்ம பேஸ்பால் பெட்டிக்கு ரூல்ஸ். கிடைச்சிரிச்சுக்கா. இருபது வருசம் கழிச்சு.”

அந்தப் பெட்டி அவர்களிடம் வந்தது சுனாமி வருடத்தில். அப்போது அவர்கள் கச்சல் தீவில் இருந்தார்கள். தாத்தா காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு, கச்சலின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்ட குடும்பம். அப்பா ஐயாவு ரப்பர் பால் வெட்டுகிறவர். அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அம்மா கருப்பாயியைக் கடல் கொண்டுபோயிற்று. மிஞ்சிய மூன்று பேரையும் கப்பலில் ஏற்றி போர்ட் பிளேயருக்குக் கொண்டுவந்து, ஒரு பள்ளிக்கூடத்து முகாமில் தங்க வைத்தார்கள். வசந்தாவுக்குப் பதினாலு வயது, அன்புவுக்கு ஒன்பது.

முகாமுக்கு நிவாரண மூட்டைகள் வந்துகொண்டே இருந்தன. ஒரு மூட்டையில் கம்பளி ஸ்வெட்டர்களாகவே இருந்தன. வியர்வை ஊற்றும் அந்த ஊரில் அவற்றைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டார்கள். ஸ்வெட்டர்களுக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி கிடந்தது. மேல்மூடியில் தொப்பி வைத்த ஒருவன் கட்டையை ஓங்கி நிற்கும் படம். உள்ளே எண்பது அட்டைகள், மூன்று தாயக்கட்டைகள். அதில் ஒன்றுக்கு இருபது முகம். அப்படி ஒன்றை அன்பு அதற்கு முன்னால் கண்டதில்லை. இரண்டு நாள் அதை உள்ளங்கையிலேயே வைத்திருந்தான். விளையாட்டு விதிகள் அச்சடித்த புத்தகம் மட்டும் நனைந்து கூழாகியிருந்தது.

ஒவ்வோர் அட்டையிலும் ஒரு வெளிநாட்டுக்காரன் பெயர். பெயருக்குக் கீழே எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி. டி, நாலு, பிளஸ் இரண்டு. ஏ, ஒன்று, மைனஸ் மூன்று. இப்படி.

“இதோட மத்லப் என்னாக்கா?” என்று அர்த்தம் கேட்டான் அன்பு.

வசந்தா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “எழுத்து இருக்கே, அது ஓடுறது. ஈன்னா எக்ஸ்பிரஸ். ரொம்ப வேகம். ஏ போட்டா ஏலாதவன். நம்பர் வந்து பந்து புடிக்கிறது. அஞ்சுக்கு அஞ்சு மார்க் வாங்குனவன் நல்லாப் புடிப்பான். இந்தப் பிளஸ் மைனஸ் கைபலம். பிளஸ்னா பலம். மைனஸ்னா கை சூம்பிப்போனவன்.”

அவள் சொன்ன தோரணையில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. அம்மா போன பிறகு அவனுக்கு எல்லாவற்றுக்கும் அர்த்தம் சொன்னவள் அவள்தான். முகாமில் கொடுத்த கார்டில் என்ன எழுதியிருக்கிறது, பட்டியலில் காணாமல் போனவர் என்று போட்டால் இறந்தவர் என்று அர்த்தமா, மருந்துச் சீட்டில் மூன்று கோடு எதற்கு, எல்லாவற்றுக்கும் அக்காவிடம் பதில் இருந்தது. அவனும் நம்பினான். அந்த விளையாட்டை இருவரும் முகாமிலும், பிறகு அப்பா காய்கறிக் கடை போட்ட ரங்கத் ஊரிலும், அவன் பத்தாவது முடிக்கும்வரை ஆடினார்கள். மைனஸ் நாலு போட்ட ஓர் அட்டைக்காரனுக்குச் சூம்பக்கையன் என்று பெயர் வைத்து, ஒரு ஆட்டத்தில்கூட இறக்காமல் பெட்டியிலேயே வைத்திருந்தார்கள்.

வசந்தா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி படிக்கட்டும் என்றாள், பிறகு தம்பிக்கு வேலை கிடைக்கட்டும் என்றாள், பிறகு அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டாள். ரங்கத் பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்தாள். நகல் எடுக்க வருகிறவர்கள் அப்படியே மனு எழுதித் தரச் சொல்வார்கள், வந்த கடிதத்தைப் படித்துச் சொல்லச் சொல்வார்கள். தெலுங்குக்காரர்களுக்கும் வங்காளிகளுக்கும் இந்தியில் படித்துச் சொல்வாள். முப்பத்திரண்டாவது வயதில் கால் வீங்கியது. முகம் வீங்கியது. நின்று நின்று வேலை செய்வதால் என்றாள். ரத்தம் சோதித்தபோது இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தன.

அதன்பிறகு போர்ட் பிளேயர் மரைன் ஹில்லில் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். அன்பழகன் ஷிப்ட் மாற்றிக்கொண்டு கூடவே வருவான். அந்த நாலு மணி நேரத்தைத் தள்ளுவதற்காகத்தான் பழைய பெட்டியை அப்பாவிடமிருந்து வரவழைத்தான். வலது கையால் அவள் தாயக்கட்டை உருட்டுவாள். சத்தம் கேட்காமலிருக்க மடியில் ஒரு துண்டு விரித்துக்கொள்வார்கள்.

சிறுநீரகம் மாற்றலாம் என்று மருத்துவர்கள் சொன்னபோது, “நான் குடுக்கிறேன்,” என்று அவன் உடனே சொன்னான். அதற்கு மெயின்லேண்ட் போக வேண்டும். ஜூன் மாதம் அக்காவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு சென்னை போய், ரத்தம் கொடுத்து, ஸ்கேன் எடுத்து, வேலையில் வாங்கிய பத்து நாள் சுட்டி தீர்ந்ததும் அவன் திரும்பிவிட்டான். மனைவி நளினிக்கு அப்போது மூன்று மாதம், தினமும் வாந்தி. அக்காவும் அப்பாவும் முடிவுக்காகத் தங்கினார்கள்.

திரும்பி வந்த அன்று அக்கா கூடத்தில் உட்கார்ந்து ரிப்போர்ட்டை விரித்தாள். இரண்டு பக்கம் எழுத்தும் எண்ணும் நட்சத்திரக்குறியுமாக இருந்தன. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

“இது உன்னோடது, இது என்னோடது,” என்று அவள் விரல் வைத்துக் காட்டினாள். பிறகு கடைசி வரிக்குப் போனாள். “இங்க பாரு. நெகட்டிவ். சேராதாம் தம்பி.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அழுதான். அப்பா எழுந்து வெளியே போனார். அழுகிறவனைப் பார்க்க முடியாமல் போகிறார் என்று அன்பு நினைத்தான்.

“விடுடா. இறந்தவங்களோடது கிடைக்க அங்க ஒரு லிஸ்ட் இருக்கு. பேரு குடுத்துட்டு வந்திருக்கேன். என்னைக்காவது வரும்,” என்று அவள்தான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

ஆனால் அழுகைக்குள் ஓர் ஓரத்தில் அவனுக்கு மூச்சு லேசானதும் உண்மை. கத்தி, தையல், ஆறு மாதம் கனம் தூக்கக்கூடாது என்றது, பிறக்கப்போகும் குழந்தை. இவற்றையெல்லாம் நினைத்து அவன் சென்னையில் தூங்கவே இல்லை. அந்த நிம்மதியை அவன் நளினியிடம்கூடச் சொன்னதில்லை.

அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் இந்த மூன்று தாள்கள் கிடைத்தன. அந்த விளையாட்டின் பெயரைப் போனில் தேடினான். உலகம் முழுக்க வயதானவர்கள் சிலர் இன்னும் அதை ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் குழுவில் சூம்பக்கையன் அட்டையைப் படம் எடுத்துப் போட்டு, இந்தக் குறிகளுக்கு என்ன பொருள் என்று கேட்டான். மறுநாள் காலை யாரோ ஒருவர் விதிகளையே அனுப்பியிருந்தார்.

“படி, கேப்போம்,” என்றாள் அக்கா.

“முதல்ல ஓட்டம். ஏ போட்டா ரொம்ப வேகம். ஈன்னா எல்லாரையும்விட மெதுவு.”

“பொய்.”

“எழுதியிருக்குக்கா.”

“அப்ப என்னோட எக்ஸ்பிரஸ்?”

“கூட்ஸ் வண்டி.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இயந்திரம் ஓடும்போது கை அசையக்கூடாது என்பதால் தோளை இறுக்கிக்கொண்டு சிரித்தாள். பக்கத்து நாற்காலியில் சௌல்தாரியிலிருந்து வரும் வங்காளி விவசாயி ஒருவர் கண் விழித்து, “யே கௌன்சா கேல் ஹை?” என்று கேட்டார். இது என்ன விளையாட்டு என்று அவர் கேட்பது வழக்கம். “உல்டா கேல், தாதா,” என்றாள் வசந்தா. தலைகீழ் விளையாட்டு, அண்ணா.

“பந்து புடிக்கிறதும் அப்புடித்தான்,” என்றான் அன்பு. “ஒண்ணுதான் பெஸ்ட். முதல் ரேங்க் மாதிரி. அஞ்சு வந்து கோட்டை விடுறவன்.”

“அடப்பாவி. பத்து வருசமா கோட்டை விடுறவனுங்களத்தான் நிக்க வச்சிருந்தோமா?”

“எல்லாம் நீ சொன்னதுதான்.”

“எனக்கென்னா தெரியும்? நீ கேட்ட, சொன்னேன். தெரியாதுன்னு சொன்னா நீ அழுவ. அப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் அழுவ.” ஈரத் துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் அவளுக்கு. “கை?”

“அதுதான் பெரிய தமாசு. மைனஸ்தான் நல்லது.”

உதட்டைத் துடைத்த துணியை அவள் கீழே வைத்தாள்.

“ஒருத்தன் ஓடுறான்னு வையி. அவன் தப்பிக்க ஒரு நம்பர் இருக்கு. பந்து எறியிறவனோட கை மைனஸ் நாலுன்னா, அந்த நம்பர்லேருந்து நாலு குறையும். ஓடுறவன் மாட்டிக்குவான். பிளஸ்னா அவனுக்கு நாலு கூடிரும், தப்பிச்சிருவான். பேப்பர்ல மைனஸ்னு பாத்தா நமக்குக் கெட்டதுன்னு தோணுது. ஆனா அதுதான் வேணும். நம்ம சூம்பக்கையன் இருக்கானே, அந்த எண்பது பேர்ல அவனுக்குத்தான் பெஸ்ட் கை.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அன்புவுக்குப் பயமாகிவிட்டது. டயாலிசிஸ் பாதியில் சில சமயம் அவளுக்கு ரத்த அழுத்தம் இறங்கும். டெக்னீசியன் சௌமியாவைக் கூப்பிட எழுந்தான்.

“ஒண்ணுமில்ல, உக்காரு,” என்றாள் கண்ணைத் திறக்காமலே. கொஞ்ச நேரம் கழித்து, “இதெல்லாம் இன்னொருத்தர்கிட்ட கேட்டுத்தான் தெரிஞ்சிக்கிட்டியா?” என்று கேட்டாள்.

“ஆமா. போன்ல.”

“கெட்டிக்காரன்தான்.” அவள் குரல் இறங்கியிருந்தது. “எல்லாத்தையும் அப்புடிக் கேட்டுக்கிட்டு இருக்காத தம்பி. நான் சொன்னா சொன்னதுதான்.”

கேலி என்று நினைத்து அவன் சிரித்தான்.

அன்றிலிருந்து சரியான விதிப்படி ஆடினார்கள். அக்கா சூம்பக்கையனைத் தன் அணியில் எடுத்துக்கொண்டாள். பெயரை மட்டும் மாற்றவில்லை. மொத்தம் நாற்பது ஆட்டம் என்று ஒரு போட்டித்தொடர் வகுத்து, பள்ளி நோட்டு ஒன்றில் எழுதி வந்தாள். டிசம்பரில் நளினிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சங்கவி என்று பெயர் வைத்தது அத்தைதான். குழந்தையைக் குளிப்பாட்டும்போதெல்லாம் அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஊசி போடும் கையைத் துணியால் சுற்றிக்கொண்டு, மற்றக் கையால் அதன் பாதத்தைப் பிடித்திருப்பாள்.

மார்ச்சில் ஒரு புதன்கிழமை ஆட்டத்தின் நடுவே கேட்டாள். “எனக்கு ஒரு கார்டு போட்டா என்னா போடுவ?”

“ஓட்டம் ஏ. புடிக்கிறது ஒண்ணு. கை மைனஸ் ஆறு.”

“மைனஸ் நாலு வரைதான இருக்கு?”

“உனக்குன்னு தனியா.”

“உனக்குப் பொய் சொல்ல வராதுடா. படியேற அரைமணி நேரம் ஆகுது. ஓட்டம் ஈ. பக்கா ஈ,” என்று அவள் கட்டையை உருட்டினாள். அந்த ஆட்டத்தில் அவள்தான் ஜெயித்தாள்.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவளுக்குக் குளிர் ஜுரம் வந்தது. கம்பளிக்குள் பல் தந்தியடித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தில் கிருமி பரவியிருந்தது. மருந்து ஏற்றினார்கள், டயாலிசிஸ் செய்தார்கள், செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்கள். சனிக்கிழமை கொஞ்சம் தெளிவாக இருந்தாள். பால் குடித்ததா என்று குழந்தையைப் பற்றிக் கேட்டாள். அன்புவின் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்ல வாயெடுத்து, “அப்புறம் சொல்லுறேன். தூக்கம் வருது,” என்றாள். ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்குப் போய்விட்டாள். முப்பத்து நாலு வயது.

காரியங்களை ரங்கத்தில் செய்தார்கள். ஜெராக்ஸ் கடைக்கு வந்து போனவர்களெல்லாம் வந்தார்கள். தனக்கு பென்ஷன் வாங்கித் தந்த பெண் என்று ஒரு தெலுங்குக்கார அம்மாள் வாசலில் உட்கார்ந்து அழுதார். பதினாறாம் நாள் முடிந்து அன்பழகன் போர்ட் பிளேயர் திரும்பினான். முப்பத்தோராவது ஆட்டத்தோடு நின்றுபோன நோட்டையும் பெட்டியையும் நளினி அவன் கண்ணில் படாமல் எடுத்து வைத்தாள்.

குளிர்சாதனப் பெட்டியில் அக்காவின் ஊசி மருந்து ஆறு குப்பி மிச்சம் இருந்தது. ரத்தம் ஊறுவதற்குப் போடுகிற மருந்து. வேறு யாருக்காவது உதவட்டும் என்று ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அவற்றை ஐஸ் போட்ட டப்பாவில் வைத்து, அக்காவின் ஃபைலோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அவள் உட்காரும் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். அந்தப் பக்கம் பார்க்காமல் சௌமியாவின் மேஜைக்குப் போனான்.

சௌமியா குப்பிகளில் தேதி பார்த்து வாங்கி வைத்துக்கொண்டாள். மருந்துச் சீட்டுக்காக ஃபைலைப் புரட்டியவள் ஒரு பக்கத்தில் நின்றாள்.

“இது சென்னையில எடுத்த மேட்சிங் ரிப்போர்ட். டோனர்னு உங்க பேர் இருக்கு.”

“ஆமா. சேரல.”

அவள் மறுபடி படித்தாள். “யார் சொன்னாங்க சேரலைன்னு? ரொம்ப நல்ல மேட்ச்சுங்க இது. கூடப்பிறந்தவங்கள்லகூட நாலுல ஒருத்தருக்குத்தான் இப்படி அமையும்.”

“கீழ நெகட்டிவ்னு போட்டிருக்கே மேடம்.”

“நெகட்டிவ்தான் வேணும். ரெண்டு பேர் ரத்தத்தையும் கலந்து பாப்பாங்க. உங்களோடதை அவங்க உடம்பு எதிர்த்துச்சுன்னா பாசிட்டிவ்னு வரும். வந்தா செய்ய முடியாது. நெகட்டிவ்னா எதிர்ப்பு இல்ல, தாராளமா செய்யலாம்னு அர்த்தம்.” சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். “டாக்டர் சொல்லியிருப்பாரே? உங்ககிட்ட யாரும் சொல்லலையா?”

அவன் ஃபைலை வாங்கிக்கொண்டான். பேப்பரில் மைனஸ் என்று பார்த்தால் கெட்டது என்று தோன்றும், ஆனால் அதுதான் வேண்டும் என்று, இதே டயாலிசிஸ் கூடத்தில் அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தது அவனேதான். அவள் கண்ணை மூடிக்கொண்டதும், குரல் இறங்கியதும், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்காதே என்றதும் ஒவ்வொன்றாக வந்து நெஞ்சில் விழுந்தன. ஒரு வார்த்தை யாரிடமாவது கேட்டிருக்கலாம். போனில் தேடியிருக்கலாம். சூம்பக்கையன் யார் என்று உலகமெல்லாம் கேட்டவன், அந்தக் கடைசி வரியைப் பற்றி ஒருவரிடமும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பதில் அவனுக்கு வசதியாக இருந்தது.

மறுநாள் அதிகாலை பஸ்ஸைப் பிடித்து, போலீஸ் காவலோடு வண்டிகள் வரிசையாகப் போகும் கான்வாயில் காட்டைக் கடந்து, இரண்டு இடத்தில் படகில் ஏறி இறங்கி, மத்தியானம் ரங்கத்தில் இறங்கினான். அப்பா கடையில் கீரைக்கட்டுகள் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் வந்திருக்கும் மகனைக் கண்டதும் கை நின்றது. அன்பு ரிப்போர்ட்டை எடுத்து வெண்டைக்காய்க் கூடை மேல் வைத்தான்.

“இதுல என்னா எழுதியிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

ஐயாவு அதைத் தொடவில்லை. “தெரியும்,” என்றார்.

“எப்ப தெரியும்?”

“டாக்டர் எங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சித்தான் சொன்னாரு. பொருந்தியிருக்கு, தம்பிய வரச் சொல்லுங்கன்னாரு. வசந்தா சரிங்கன்னா. வெளிய வந்து மாடிப்படியில உக்காந்துக்கிட்டா. தம்பிகிட்ட இதச் சொன்னீங்கன்னா நான் டயாலிசிஸுக்கே போக மாட்டேன்பா, இப்பவே சத்தியம் பண்ணுங்கன்னா.”

“நீங்க பண்ணிட்டீங்க.”

“பண்ணிட்டேன்.”

“பெத்த அப்பனா நீங்க?” அவன் கத்தினான். எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “ஒரு போன் போட்டிருக்கலாமே. ஒரே ஒரு போன். நான் வந்திருக்க மாட்டேனா? எனக்கு ரெண்டு இருக்கே. ஒண்ணு போதுமே.”

ஐயாவு தெளித்த தண்ணீர் கீரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவர் ஈரக் கையை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்தார்.

“அன்னைக்குத் தண்ணி வந்தப்ப ஒரு கையில அவள, ஒரு கையில ஒன்னப் புடிச்சிக்கிட்டு மேட்டுக்கு ஓடுனேன். ஒங்கம்மா பின்னால வந்தா. அவளப் புடிக்க எனக்கு இன்னொரு கை இல்ல. அதுக்குப் பொறகு எந்த முடிவும் என்னால எடுக்க ஏலாதுடா. யாரு சொன்னாலும் சரின்னுருவேன். கயிறு இழுக்கிறவன், அவனுக்கு ஒண்ணு ஆச்சின்னா நளினியும் வயித்துப் புள்ளையும் என்னா ஆகும்னு அவ கேட்டா. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. ரெண்டு பேரையும் ஒரே நாள்ல மேசையில படுக்க வச்சிட்டு வெளிய நிக்கிற தெம்பும் எனக்கு இல்ல. சரின்னுட்டேன்.”

அன்பு கூடையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“ஒரேயடியா வேணாம்னு சொல்லல அவ,” என்றார் ஐயாவு. “புள்ளைக்கி ஒரு வயசு முடியட்டும்பா. அது எந்திரிச்சி நடக்கட்டும். அப்புறம் நானே தம்பிகிட்ட உண்மையச் சொல்லிக் கேக்குறேன். கேட்டா குடுப்பான்னா. அதுவரைக்கும் தாங்கும்னு நெனச்சா.”

குழந்தைக்கு அப்போது ஆறு மாதம். அவள் போனபோது ஐந்து.

அன்று இரவு ஐயாவு சோறாக்கினார். இரண்டு தட்டு வைத்தார். அன்பு தொடவில்லை. மறுநாள் காலை பஸ் நிலையத்துக்கு அப்பா நாலு எட்டு பின்னாலேயே நடந்து வந்தார். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கீழே வந்து நின்று, நளினிக்கு என்று ஒரு பையில் முருங்கைக்கீரையும் வாழைப்பூவும் எட்டிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டான்.

“போறேன்,” என்றான்.

“வாரேன்னு சொல்லுடா.”

கண்டக்டர் விசில் ஊதினார். அவன் முன்சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். “வாரேன்னு சொல்லிட்டுப் போடா அன்பு,” என்று அப்பா கண்ணாடியில் கை வைத்தபடி இரண்டு எட்டு கூடவே வந்தார். பஸ் வேகமெடுத்தது.

ஆறு மாதம் அவன் ரங்கத் பக்கம் போகவில்லை. அப்பா போன் செய்தால் நளினி பேசுவாள். நடந்தது அவளுக்கும் தெரியும். நீ குடுத்திருப்பியா என்று அவள் ஒருதரம் கேட்டாள். குடுத்திருப்பேன் என்றான். நானும் குடுக்க விட்டிருப்பேன் என்று அவள் சொல்லி, அடுப்படிக்குள் போய் அழுதாள்.

டிசம்பரில் சங்கவிக்கு ஒரு வயது முடிந்தது. அந்த வாரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, நளினியையும் கூட்டிக்கொண்டு அன்பழகன் ரங்கத்துக்கு பஸ் ஏறினான். கடையில் ஐயாவு இன்னும் மெலிந்திருந்தார். பேத்தியைக் கீழே விட்டார்கள். சிமெண்டுத் தரையில் அவள் ஒரு கையை ஊன்றி எழுந்தாள், ஆடினாள், தாத்தாவின் முழங்காலை நோக்கி நாலு எட்டு வைத்தாள்.

“நடக்குறாளே,” என்றார் ஐயாவு.

“போன வாரத்துலேருந்து,” என்றான் அன்பு.

அக்கா உண்மையைச் சொல்லிக் கேட்பதாகச் சொன்ன மாதம் அது.